பழைய எழுத்துருக்களும் மாற்றிக் கருவிகளும்: ஒரு மதிப்பீடு

இயற்பியல் ஆசிரியருக்கு எழுத்துருவோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அண்மைக் காலம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்தவர்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று, ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தாம் 2002-இல் தட்டச்சு செய்த மின்னியல் பாடக்குறிப்புகளைக் குறுந்தகடு ஒன்றில் கொடுத்தார். கோப்பைத் திறந்தேன். தமிழ் ஒரு வரிகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் திரை முழுவதும் சிதறிக் கிடந்தன.

கோப்பு கெட்டுவிட்டதா? இல்லை. அதைப் படிக்கும் திறவுகோல்தான் என் கணிப்பொறியில் இல்லை.

உள்ளே இருப்பது என்ன?

கணிப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். ஒரு பைட்டில் 256 வேறுபட்ட எண்களைக் குறிக்கலாம். அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள் முதலியவற்றுக்கு உரியவை. பாமினி போன்ற எழுத்துருக்கள், தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசையைப் பின்பற்றி, ஆங்கிலத்துக்குரிய அந்த இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தின. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும்போது உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! எழுத்துருவை எடுத்துவிட்டால் அவை மட்டுமே எஞ்சும்.

ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக இடங்களைப் பங்கிட்டதுதான் பெருந்தொல்லை. இதனை ஒழுங்குபடுத்த முயற்சிகள் நடக்காமல் இல்லை. டிஸ்கி குறியீடு தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாடு டாம், டாப் என்னும் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. 1991-இல் வெளியான யூனிகோடோ ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் அளித்தது. அதில் ‘த’வின் எண் 2980, ‘ழ’வின் எண் 2996. இவ்வெண்களில் வேறு எந்த மொழியும் குடியேற முடியாது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே விண்டோஸ் கணிப்பொறிகள் யூனிகோடு தமிழைச் சரியாகக் காட்டத் தொடங்கின.

மாற்றிகளின் தொண்டு

இந்த இடைக்காலத்தில் தமிழர் சிலர் ஊதியம் கருதாமல் செய்த கருவிகள் நினைவுகூரத் தக்கவை. முகுந்தராஜ் உருவாக்கிய எ-கலப்பை, சாதாரண விசைப்பலகையில் தமிழை உள்ளிட வழி செய்தது. பாமினி வரிசையில் பழகிய விரல்களுக்கும் அதில் இடம் இருந்தது. சுரதா யாழ்வாணன் இணையத்தில் வைத்த பொங்கு தமிழ் மாற்றி, பல பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றித் தந்தது.

மாற்றுவது ஓர் எழுத்துக்குப் பதில் மற்றோர் எழுத்தை வைக்கும் எளிய வேலை அன்று. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று துண்டுகள். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்பவை. யூனிகோடிலோ முதலில் ககரம், பின்னர் ஒகரக் குறி. மாற்றி இத்துண்டுகளை அடையாளம் கண்டு, இணைத்து, இடம் மாற்ற வேண்டும். இதை நொடியில் செய்து முடிப்பது பாராட்டுக்குரியதே.

குறைகள்

இனி என் அனுபவத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் பேராசிரியரின் குறிப்புகளை இட்டேன். உரைநடை அழகாக வந்தது. ஓம் விதியைப் பார்த்ததும் திகைத்தேன். மின்னழுத்தத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகியிருந்தது. மின்னோட்டம் ‘ஐ’ ஆகியிருந்தது. மின்தடை ‘சு’ ஆகியிருந்தது! காரணம் எளிது. மாற்றிக்குப் போவது வெறும் எழுத்தெண்கள். எது தமிழ் எழுத்துருவில் இருந்தது, எது ஆங்கில எழுத்துருவில் இருந்தது என்ற செய்தி போவதில்லை. அது எல்லாவற்றையும் தமிழாகவே கொள்கிறது.

இதைவிடப் பெரிய குறை, கருவி தன் ஐயத்தைச் சொல்லாமல் இருப்பது. அளவீட்டுக் கருவி என்றால் அதன் பிழை எல்லையை நாம் கேட்கிறோம் அல்லவா? ‘இந்த இடத்தில் எனக்கு ஐயம், சரிபார்க்கவும்’ என்று வண்ணமிட்டுக் காட்டியிருந்தால் போதும். சூத்திரம் தவறென்று ஆசிரியருக்குத் தெரியும். அவ்விதியை முதன்முறை படிக்கும் மாணவருக்குத் தெரியுமா?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து மாணவர்கள் கடல் உயிரிகளின் புதைபடிவங்களை எடுத்து வருவதுண்டு. எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆய்வாளருக்கு அதனால் பயன் குறைவு. பழைய கோப்புக்கு எழுத்துருவின் பெயரே அத்தகைய குறிப்பு. அதை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

யூனிகோடு குறையற்றதா என்று கேட்டால், இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் 5 பைட்டுகளில் அடங்கும். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள் வேண்டும். ‘மி’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு எண்கள் தேவை. இக்குறையை நீக்க முன்வைக்கப்பட்ட டேஸ்-16 குறியீட்டையும் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணை ஒரே எழுத்தாகப் படிப்பதே முதன்மையான நன்மை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் இருந்த தன் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. அதனால்தான் இன்று அவற்றைக் கைபேசியிலும் படிக்க முடிகிறது.

நாம் செய்யக்கூடியது

இன்றும் பல அச்சகங்களில் வினாத்தாள்களும் மலர்களும் பழைய எழுத்துருக்களிலேயே உருவாகின்றன. உங்களிடம் அத்தகைய கோப்பு இருந்தால், முதலில் எழுத்துருவின் பெயரைக் குறித்து வையுங்கள். சூத்திரங்களையும் ஆங்கிலச் சொற்களையும் தனியே எடுத்துவிட்டு, உரையை மட்டும் மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபாருங்கள்.

எங்கள் பேராசிரியரிடம் நல்லவேளையாகக் காகித நகல் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மாணவியரும் நானும் சூத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஐயம் வந்த இடங்களில் அவரையே தொலைபேசியில் கேட்டோம். தட்டச்சு செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இவ்வேலையை முடிப்பது நல்லது. நாளை கருவி இருக்கலாம். கேட்டுத் தெளிய அவர்கள் இருக்கமாட்டார்கள்.