ஒன்பதரை மணி நாயகி

1990களின் கடைசியில் தமிழ்ப்பட நாயகிக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் மிச்சமிருந்தவை அண்ணி, அம்மா வேடங்கள்தான். ராதிகா அவற்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. 1999-இல் தன் ராடான் நிறுவனத்தின் பெயரில் 'சித்தி' என்ற தொலைக்காட்சித் தொடரைத் தயாரித்து, தானே சாரதாவாக நடித்தார். பிறகு 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று 2018 வரை சன் டிவியில் இரவு ஒன்பதரை மணிக்கு அவர் ராஜ்ஜியம் நடந்தது. நடிகையே முதலாளியும் ஆவது சாதாரணக் காரியமல்ல. வாய்ப்புக்காக யார் வாசலிலும் காத்திருக்காமல், தன் வயதுக்கேற்ற பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்த அவரால் முடிந்தது. கொடுமைக்காரி என்றே கதைகளில் வந்துகொண்டிருந்த மாற்றாந்தாயை 'சித்தி'யில் நாயகியாக்கியதும் பெரிய துணிச்சல்.

ஆனால் அந்த நடிகைக்கு என்ன ஆயிற்று? பாரதிராஜா இயக்கிய 'கிழக்குச் சீமையிலே' (1993) படத்தின் விருமாயியை நினைத்துப் பாருங்கள். அண்ணன் மேல் உயிர்; புருஷன் பக்கமும் நின்றாக வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவளுக்குத் துரோகம்தான். அந்தத் தவிப்பை ராதிகா நடையிலும் குரலிலும் கொண்டுவந்தார். 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' பாஞ்சாலியாக, பதினாறு வயதுக்குள் வந்தவரின் பதினைந்து வருடத் தேர்ச்சி அது.

தினத்தொடரில் அந்த உடம்புக்கு வேலையே இல்லை. அதிர்ச்சியான ஒரு வசனம் விழும், கூடத்தில் நிற்கும் அத்தனை பேர் முகத்திலும் கேமரா ஒரு சுற்றுப் போகும், இடி மாதிரி இசை, கடைசியில் நாயகியின் கண்கள் நிறையும், 'தொடரும்'. வாரத்துக்கு ஐந்து நாள், வருடக்கணக்கில் கதையை இழுக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. முகத்தை வைத்தே நேரத்தை நிரப்பியாக வேண்டும்.

இன்னொன்று, எனக்கு அதிகம் உறுத்துவது. விருமாயி தடுமாறுவாள். தொடர் நாயகியோ தடுமாறவே மாட்டாள். எல்லோருடைய தப்பையும் பொறுத்து, கடைசியில் அவள் சொன்னதே சரி என்றாகும். தயாரிப்பாளரும் கதாநாயகியும் ஒருவரே என்றால், 'இந்தப் பெண் இங்கே தவறட்டும்' என்று யார் சொல்வது? பாரதிராஜா அங்கே இல்லை. 'வாணி ராணி'யில் இரட்டை வேடம் கட்டியும் இந்தக் குறை தீரவில்லை.

நடிப்பு வற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. 'வாணி ராணி' ஓடிக்கொண்டிருந்த 2016-இலேயே 'தர்மதுரை'யில் அம்மாவாக வந்தார். அதில் மகனைப் பார்க்கும் பார்வையில் பழைய ராதிகா அப்படியே இருந்தார். தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத்தில் முடிந்த தொடர்கள் இருந்தன. அப்படி ஒரு கதையை, தப்புச் செய்யும் பெண்ணை நடுவில் வைத்து, இரவு ஒன்பதரை மணிக்குக் கொண்டுவரும் செல்வாக்கு அன்று தமிழில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.