‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லின் எடை என்ன?

பாதி விலைக்கு ‘ரீகண்டிஷன்’ செய்த கிரைண்டர் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? திருவண்ணாமலை போன்ற ஊர்களில் ஐ.டி.ஐ. முடித்துத் தொழில் தொடங்கும் இளைஞருக்குப் பழைய கருவியே கைக்கு எட்டுவதாக இருக்கலாம். அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி அவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

புதுப்பித்த பொருளையோ பழைய பொருளையோ புதியதெனப் பொய் கூறி விற்பது முறையற்ற வாணிபம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நல்லதே. ஆனால் ‘புதுப்பித்தது’ என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. ஆர்மேச்சரை மாற்றியவரும் புதுப்பித்தவர். பெயின்ட் மட்டும் அடித்தவரும் புதுப்பித்தவர்! குறை இங்கேதான் இருக்கிறது.

கடையில் சுவிட்சைப் போட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள். இது சோதனையாகுமா? சுமையின்றிச் சுழலும் மோட்டார் குறைந்த மின்னோட்டமே எடுக்கும். சுருளில் தோன்றும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நலிந்த மின்காப்பு கடையில் அகப்படாது. இரும்பை அறுக்கும்போதுதான் புகையும்.

இன்னொரு ஆபத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர். இத்தகைய வட்டுகளில் பொதுவாக 80 மீட்டர் என்ற வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். நம் நாட்டில் 230. அங்கிருந்து வந்த பழைய கிரைண்டரை இங்கே நேராகச் செருகி, வேகம் இரட்டிப்பை நெருங்கினால் 115 மீட்டர்! வட்டைப் பிய்க்கும் விசையும் நான்கு மடங்காகும். வட்டு சிதறினால் கண்ணும் முகமும் என்னாகும்? மின்னழுத்தத்தைச் சொல்லும் பெயர்த்தகட்டையே பெயின்டால் மூடிவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்போது விளங்கும்.

ஆகவே வாங்கும்போது நான்கைக் கேளுங்கள்: படிக்கத்தக்க பெயர்த்தகடு, வட்டின் மேல் காப்புக் கவசம், மெக்கர் கொண்டு மின்காப்பைச் சோதித்துக் காட்டல், மாற்றிய பாகங்களைப் பெயர் பெயராகக் குறித்த ரசீது. கார்பன் பிரஷ், பேரிங், ஆர்மேச்சர் இவற்றுள் எது புதியது என்று எழுதித் தரட்டும். பிறகு, சில நிமிடமாவது சுமையோடு ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவு கேட்டால் விலை ஏறாதா என்பார்கள். ஏறலாம். ஆனால் உண்மையாகவே ஆர்மேச்சர் கட்டும் மெக்கானிக்கு இன்று பெயின்ட் அடிப்பவரோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. சொல்லுக்கு வரையறை கிடைத்தால் அவர் உழைப்புக்கும் மதிப்புக் கிடைக்கும். வாங்குபவர் விரலும் தப்பும். அளவிட முடியாத சொல்லை அறிவியல் ஏற்பதில்லை. சந்தை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?