கோபி, பிருந்தா, பெயரில்லாத ஒருத்தி

வைகையில் வெள்ளம் வருகிறது. மூன்று வீடுகள் போகின்றன, இரண்டு பசுக்கள் போகின்றன, ஒரு கர்ப்பிணி போகிறாள். ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ ரிவர்’ கவிதையில் நடப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான். பசுக்களுக்குப் பெயர் உண்டு: கோபி, பிருந்தா. எந்தத் தொழுவத்திலும் கேட்கக்கூடிய பெயர்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர், வெள்ளத்தில் போனவளை ஒரு கர்ப்பிணி என்பதோடு விட்டுவிடுகிறது. இதைக் கவிஞர் குற்றமாக எடுத்துச் சொல்வதே இல்லை. அவளையும் அந்தப் பசுக்களையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நகர்ந்தவர் சும்மா இருப்பாரா? அவள் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் என்கிறார். அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கப்போகிறவை, உடம்பில் மச்சம்கூட இல்லாதவை. எது மூத்தது எது இளையது என்று தெரிய வேண்டுமானால் இடுப்புத் துணியை வேறு வேறு நிறத்தில்தான் கட்டவேண்டும். நிருபர் எழுதினால் எண்ணிக்கையோடு நிற்பார். இழவுக்குப் போய்வந்தவர் அழுகையைச் சொல்வார். ராமானுஜன் துணியின் நிறத்தைச் சொல்கிறார். பிள்ளை பிறக்குமுன்பே அந்தக் கவலை ஒரு தாயின் மனதுக்குள் மட்டும்தான் ஓடியிருக்க முடியும். பெயரைக் கொடுக்காத கவிஞர், அவள் மனதுக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். குழந்தைத் துணிகளை நிறம் பிரித்து அடுக்குவதே பிழைப்பாக இருக்கிற எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் அந்த இடத்தைப் படிக்கும்போது கை ஒரு கணம் நின்றுபோகும்.

பழைய புலவரும் சரி, புதுக் கவிஞரும் சரி, ஆற்றில் தண்ணீர் கரைபுரளும்போது மட்டுமே பாடினார்கள் என்பது அந்தக் கவிதையின் மெல்லிய கேலி. வற்றிய கோடையில் மதகுக் கம்பிகளில் வைக்கோலும் பெண்களின் கூந்தல் முடியும் சிக்கிக் கிடப்பதை, பாலத்துக்கு அங்கங்கே ஒட்டுப்போட்டிருப்பதை, இவர்தான் பார்க்கிறார். எங்கள் ஊர் நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உறைக்கும். சாயம் ஓடிய வருடங்களில் அந்த ஆற்றை யார் பாடினார்கள்?

இத்தனை நுணுக்கமாக வைகையைப் பார்த்தவர் மதுரைக்காரர் இல்லை. 1929இல் மைசூரில் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மாடியில் அப்பாவின் படிப்பறையில் ஆங்கிலம், கீழே அம்மாவின் சமையலறையில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று மூன்று மொழிகளுக்கும் வீட்டிலேயே இடம் பிரிந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். இன்று திருப்பூர் நல்லூரில், காங்கேயம் சாலைப் பக்கத்து லைன் வீடுகளில் இதே பாகப்பிரிவினை நடக்கிறது. வீட்டுக்குள் ஒடியாவோ இந்தியோ, தெருவில் தமிழ், பள்ளிப் பையில் ஆங்கிலம். ஷிப்டு முடிந்து வரும் பெற்றோருக்குக் கடைக்காரர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைகளை இங்கே யாரும் பார்க்கலாம். அவர்களில் யார் கவிஞராவார் என்று இப்போதே சொல்ல முடியாது. ராமானுஜனையும் அந்த வயதில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்துவிட்டு, 1959இல் அமெரிக்கா போனார். இந்தியானாவில் மொழியியல் படித்தார். பிறகு சாகும்வரை சிகாகோ பல்கலைக்கழகம். பத்மஸ்ரீ, மக்ஆர்தர் நல்கை என்று பெருமைகள் வந்தன. அவற்றைப் பட்டியல் போடுவதில் எனக்கு ருசி இல்லை. ருசியான சம்பவம் 1962இல் நடந்தது. சிகாகோ போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு ஓர் ஆரம்ப இலக்கண நூல் கிடைக்குமா என்று பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்குகிறார். சமையலறைத் தமிழ் தெரியுமே தவிர சங்கத் தமிழை அவர் படித்ததில்லை. தேடியது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று: உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. மதுரையில் வேலை பார்த்தபோது கிடைக்காதது மிச்சிகன் ஏரிக்கரையில் கிடைத்தது. 1967இல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்ற பெயரில் குறுந்தொகைப் பாடல்கள் ஆங்கிலத்துக்குப் போயின. தன் மரபு என்றாலும் அது பிறப்பால் தானாக வந்துவிடாது, உழைத்துத்தான் மீட்கவேண்டும் என்ற பொருளில் பிற்பாடு எழுதினார். புலம்பெயர்ந்த கவிஞர் என்றதும் நாம் எதிர்பார்க்கும் ஏக்கப் பெருமூச்சு அந்தப் பேச்சில் இல்லை. வேலைக்கு இறங்குகிறவரின் குரல் இருக்கிறது.

அந்த வேலையின் நேர்த்தியை ஒரே ஒரு பாட்டில் பார்த்துவிடலாம். ஐங்குறுநூற்றின் 203ஆம் பாடல், கபிலர் பாடியது. காதலனோடு அவன் மலைநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவளிடம் தோழி கேட்கிறாள், அந்த ஊர்த் தண்ணீரை எப்படித்தான் குடித்தாய் என்று. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது என்கிறாள் இவள். எது? அவன் நாட்டில், தழை மூடிய பள்ளத்தின் அடியில், விலங்குகள் குடித்துவிட்டு மிச்சம் வைத்த கலங்கல் நீர். தமிழில் நீர் கடைசிச் சொல்லாகத்தான் வருகிறது. அதுவரை நாக்கில் பாலும் தேனும். பிறகு தழை, பள்ளம், விலங்கின் எச்சில் என்று ஒவ்வொன்றாக ஆசையைக் கெடுத்துக்கொண்டே போய், முடிவில் அந்தக் கலங்கலைக் கையில் தருகிறார் கபிலர். நாமும் குடித்துவிடுகிறோம்.

ஆங்கில வாக்கியம் இந்த வரிசைக்கு ஒத்துவராது. பெயரை முதலில் சொல்லி, நீண்ட அடைத்தொடர்களைப் பின்னால் தொங்கவிடுவது அதன் வழக்கம். ராமானுஜன் என்ன செய்கிறார்? பாலும் தேனும் உள்ள இவள் வீட்டை முதல் பாதியிலும் அவன் நாட்டை மறு பாதியிலும், கபிலர் வைத்த இடத்திலேயே வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பாதிக்குள்ளும் மட்டும் சொற்களைத் திருப்பிப் போடுகிறார். தழைக்கு ஒரு வரி, விலங்குகளுக்கு ஒரு வரி என்று குட்டி வரிகளாக உடைப்பதால் கண் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று கீழே இறங்குகிறது. பள்ளத்தின் ஆழம் தாளிலேயே வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் நழுவியிருக்கிறது: அவர் பாட்டு விலங்குகளில் முடிகிறது, கபிலரின் பாட்டு நீரில் முடிகிறது. கடைசி மிடறு தமிழில்தான் என்பது என் கட்சி.

பனியனை வாங்குகிறவர் முன்பக்கம் பார்ப்பார், செக்கிங்கில் இருப்பவர் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். ராமானுஜன் தானே திருப்பிக் காட்டியவர். இந்தப் பாட்டை எப்படி ஆங்கிலமாக்கினேன், எங்கே எது இடம் மாறியது என்று ஒரு முழுக் கட்டுரையே எழுதி வைத்திருக்கிறார். திணைத்துறைக் குறிப்புகளைக்கூட அவர் வீணாக்கவில்லை. தலைவி கூற்று என்று நம் பதிப்புகளில் ஒதுங்கி நிற்பதை ‘அவள் சொன்னது’ என்ற பொருளில் தலைப்பாகவே ஏற்றிவிட்டார். தமிழ் தெரியாத வாசகர் பாட்டுக்குள் நுழையும்போதே ஒரு பெண்குரல் காதில் விழுகிறது.

அவருடைய சொந்தக் கவிதைகளிலும் இதே கை. ‘எக்ஸ்டெண்டட் ஃபேமிலி’யில் தாத்தாவைப் போலக் காக்கை கரையுமுன் குளிக்கிறார். குழாயில் வருவது குளோரின் தண்ணீர், அதுதான் அவருக்குக் கங்கை. தலைக்குமேல் எரிவது சிகாகோவின் மூடியில்லா பல்பு, துவட்டிக்கொள்வது சீயர்ஸ் கடைத் துண்டு. அமெரிக்கக் கடைகளின் பெயரை லேபிளில் வைத்துத் தைத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அந்தத் துண்டு தனியாகக் கண்ணில் படும். ஊரை விட்டு வந்துவிட்டேனே என்று ஒரு சொல் கிடையாது. தாத்தா, அப்பா, அம்மா, மகள் என ஒவ்வொருவராக அந்தக் குளியலறைக்குள் வந்துவிடுகிறார்கள். இந்தோ-அமெரிக்கன் என்று எழுதும்போது நடுவில் விழும் சிறு கோடுதான் நான் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. எனக்கு அந்தக் குளியலறை அதைவிட நன்றாக விளக்குகிறது.

1993 ஜூலையில் சிகாகோவில் இறந்தார். மொத்தக் கவிதைகளின் தொகுப்புக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது, ஆங்கிலப் பிரிவில் கிடைத்தது. படிக்க ஆசைப்படுகிறவர்கள் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். ஐங்குறுநூறு 203ஐ முதலில் தமிழில் வாய்விட்டுப் படியுங்கள், பிறகு அவருடைய ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடைசி மிடறு யாருடையது என்பதில் என்னோடு சண்டை போட உங்களுக்கு உரிமை உண்டு.