மன்னாரில் நான் தேடுவது நண்டுதின்னியை

மன்னாருக்குப் போய் வந்தால் கம்பளையில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பூநாரை இருந்ததா?" இருந்தது. வங்காலைச் சேற்றுநிலத்தில் காலை வெயிலில் ஒரு கூட்டம் கிளம்பி, சிறகின் சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரியும்போது வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனோம். ஆனாலும் அந்தக் கரையில் முதல் மரியாதை பூநாரைக்கு இல்லை. நண்டுதின்னிக்குத்தான்.

வெள்ளை உடம்பு, கறுத்த முதுகு, நீலம் கலந்த சாம்பல் கால், உடம்புக்குப் பொருந்தாத கனத்த கறுப்பு அலகு. இலங்கைப் பறவைகள் பற்றிய ஹென்றியின் 1955ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள்கூட அந்தப் பக்கத்தில் அதிகம் நிற்பதில்லை. ஆனால் தன் குடும்பத்தில் வேறு இனமே இல்லாத ஒற்றைப் பறவை அது. கரைப்பறவைகளில் மணலைக் குடைந்து உள்ளே முட்டையிடுவதும் அது ஒன்றுதான். அரபுக் கரைகளின் சூட்டு மணலுக்குள் வெள்ளையாய் ஒரே முட்டை.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று இரவோடு இரவாக ஓடி, மதவாச்சியில் பிளேன்டீ குடித்து மேற்கே திரும்பினோம். கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டில் நண்பர்கள் தாமரைக்கோழிக்காக இறங்கினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனம் தள்ளாடிச் சந்திக்கு அப்பால் போய்விட்டது. தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் வாடை வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. ஜன்னலைத் திறந்தால் உப்பும் மணலும் முகத்தில் அடித்தன.

அந்தக் காற்றை எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு அது உதவி. காற்று பலமாக வீசும்போது தரையில் நிற்கும் பறவைகள் அதற்கு முகம் கொடுத்தே நிற்கும். முதுகு காட்டினால் இறகு கலைந்துவிடும். ஆகவே வாடை வரும் பக்கம் நின்றால் முகமும் அலகும் கிடைக்கும், எதிர்ப்பக்கம் போனால் கறுத்த முதுகு. எது வேண்டுமோ அதற்கேற்ப இடம் பார்த்து, ஸ்கோப்பின் முக்காலியில் பாரமான பையைத் தொங்கவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படி உட்கார்ந்தபோதுதான் அந்தச் சோடியைக் கண்டேன். பெரியது நாலடி ஓடி, நின்று, தலையைச் சாய்த்து, ஈரமணலில் ஒரே குத்து. வெளியே வந்த நண்டைத் தரையில் போட்டு, மறுபடி எடுத்து, உதறியதில் ஒரு கால் தெறித்தது. பின்னாலேயே முதுகு சாம்பல் நிறமாய், உச்சந்தலையில் கோடுகளோடு ஓர் இளம் பறவை. உயரத்தில் தாய்தகப்பனுக்குக் குறைவில்லை. இருந்தும் உடம்பைக் குறுக்கிக் கழுத்தை நீட்டிக் கெஞ்சிக்கொண்டே வந்தது. பெரியது நண்டை அதன் முன்னால் வைத்தது. உப்புக்கொத்திக் குஞ்சு பொரித்து உலர்ந்த கையோடு தானே இரை பொறுக்கத் தொடங்கிவிடும். நண்டுதின்னியோ கடல் தாண்டிக் கூட்டிவந்த பிள்ளைக்கு இங்கேயும் ஊட்டுகிறது. ஆயிரம் பூநாரை ஒன்றாகப் பறந்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி.

"மச்சான், ஒரு பறவைக்கு எவ்வளவு நேரம்டா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்த நண்பன் மலைநாட்டுக் கட்சி. இலங்கைக்கே உரிய பறவைகள் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் இருக்க, வெளிநாட்டு விருந்தாளிக்காக இவ்வளவு தூரம் ஏன் என்பான். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கம்பளைத் தோட்டங்களில் அவன் காதுகொடுத்துக் கேட்கும் ஆறுமணிக்குருவியும் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வருவதுதானே. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்தி விட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடகோடிவரை போயிருக்கின்றன. வங்காலை 2010இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சும்மா இல்லை.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறந்த 103.5 மெகாவாட் மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை தூரம் பறந்துவரும் பறவைகள் வந்து கூடும் குறுகலான தீவில் இனி ஒன்று நடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

அதைவிட அருகில் இருந்து வலிப்பது பார்க்கிறவர்களின் பழக்கம். முன்பெல்லாம் ஆளுக்கொரு பைனாகுலர் கூட இருக்காது. கைமாற்றிப் பார்த்தோம், பார்த்ததைப் பற்றி இரவு முழுக்க வாதாடினோம். இப்போது பெரிய லென்ஸ், மேலே ட்ரோன். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக மேய்கிற கூட்டத்துக்குள் வண்டியை விட்டு எழுப்புகிறார்கள். வட துருவப் பகுதிவரை திரும்பிப் போக வேண்டிய பறவைகளும் அந்தக் கூட்டங்களில் இருக்கின்றன. அவை பாடுபட்டுச் சேர்த்த கொழுப்பு ஒரு படத்துக்காகக் கரைகிறது. படம் கிடைத்ததும் அடுத்த பறவையின் பெயரைக் கேட்கிறார்கள். இதை ரசனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜனவரியில் போங்கள். கடல் வற்றும் நேரத்தை முதல்நாளே மீனவரிடம் கேட்டு வையுங்கள். வேன் தார் வீதியிலேயே நிற்கட்டும். பூநாரையைப் பார்த்து முடித்த பிறகு ஒரு காலைப்பொழுதை முழுசாக நண்டுதின்னிக்குக் கொடுங்கள்.