மாணவர் அறைக்கு எந்த அடுப்பு?

சென்னைக்குப் படிக்க வந்து, கோட்டூரிலோ வேளச்சேரியிலோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அறை எடுக்கும் மாணவர்கள் சமையலுக்கென்று முதலில் வாங்குவது பெரும்பாலும் எலெக்ட்ரிக் கெட்டில். விலை குறைவு, தூக்கிப்போவது எளிது. அதற்காக வாதாட இதற்குமேல் ஒன்றும் இல்லை. தண்ணீர் கொதித்து எழும் ஆவி பட்டுத்தான் கெட்டிலின் சுவிட்ச் தானாக அணைகிறது. மூடியைத் திறந்துவைத்து நூடுல்ஸ் வேகவைத்தால் ஆவி வெளியே போய்விடும்; கெட்டில் அணையாது, பொங்கி வழியும். மூடிவைத்தால் முட்டை வேகுமுன் அணைந்துவிடும். பால் காய்ச்சினால் அடியில் பிடித்ததைச் சுரண்டக் கை உள்ளே போகாது. ஆகவே போட்டி ரைஸ் குக்கர், 5 கிலோ காஸ் சிலிண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகிய மூன்றுக்குள்தான்.

எத்தனை வகை சமைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது கடைக்காரரின் வழி. இரவு ஒன்பது மணிக்குப் பசியோடு அறைக்கு வருபவர் அடுப்பைப் பற்றவைப்பாரா, பரோட்டாக் கடைக்குப் போவாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை முடிவுசெய்பவை சுவரில் இருக்கும் பிளக், சாப்பிட்டபின் கழுவவேண்டிய பாத்திரங்கள், பிறகு கடுகு வெடிக்குமா என்பது.

முதல் இரண்டிலும் ரைஸ் குக்கர் தேறிவிடுகிறது. ஒரு லிட்டர் குக்கர் சுமார் 400 வாட்; இரண்டு ஆம்பியரைத் தாண்டாது. செல்போன் சார்ஜர் போடும் பிளக்கே போதும். அரிசியைக் களைந்து போட்டு, சுவிட்சை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியோடு நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு சில டிகிரி ஏறும், அடியில் உள்ள காந்தம் பிடியை விடும், சுவிட்ச் விழும். 1955-இல் ஜப்பானில் டோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி ரைஸ் குக்கர் வேறு உத்தியைக் கையாண்டது: வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய நீர் வற்றியதும் அணைந்துவிடும். இரண்டு ஏற்பாடும் வெறும் சோற்றை மனதில் வைத்துச் செய்தவை. நம் சமையல் அங்கேதான் முட்டிக்கொள்கிறது. தாளிக்க எண்ணெய் ஊற்றினால், அது காய்வதற்குள் சோறு வெந்துவிட்டதென்று நினைத்து குக்கர் அணைந்துவிடும். கடுகு எண்ணெயில் ஊறிக்கிடக்கும். சுவிட்சைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளிக்கும் வீரர்களும் உண்டு. அந்த சுவிட்ச் ரொம்ப நாள் உழைக்காது. துவரம்பருப்பு வேகும், குழையாது. பாசிப்பருப்புப் பொங்கலும் தயிர்சாதமும் போதும் என்பவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காஸுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டாம். அடையாள அட்டை இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே வாங்கலாம். இந்தியன் ஆயில் அதை 2020 கடைசியிலிருந்து ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த எந்தப் பாத்திரமும் அதில் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களிடம் இண்டக்‌ஷனின் பெருமையைப் பேச முடியாது.

செலவு? 5 கிலோ காஸில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 64 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பர்னரில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போகும், இண்டக்‌ஷனில் ஆறில் ஒரு பங்குபோல வீணாகும். இரண்டையும் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் சுமார் 50 யூனிட்டில் செய்துவிடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை பல இடங்களில் வீட்டுக்காரரைத் தாண்டி வாடகைக்கு இருப்பவரிடம் வருவதில்லை. அவர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ரீஃபில் 500 ரூபாய்க்குக் குறைவாகக் கிடைத்தால்தான் காஸ் மலிவு. சோட்டுக்கு மானியம் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் நான் காஸைத் தள்ளுவது பணத்துக்காக அல்ல. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் என்றால், கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அந்தத் தரையில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் திருட்டுத்தனமாக நிரப்பும் வழக்கம் வேறு. ஜன்னலோடு தனிச் சமையலறை இருந்தால் என் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

இண்டக்‌ஷனின் முதல் குறை அது கேட்கும் பிளக். 2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். அறைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆறு ஆம்பியர் சிறிய பிளக்குகள். பெரிய பவர் பிளக் கீஸருக்கோ ஏசிக்கோ போய்விட்டிருக்கும். கன்வர்ஷன் பிளக் போட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர் சூடேறி உருகும். அட்வான்ஸ் கொடுக்குமுன் பார்க்கவேண்டியது இதைத்தான். இரண்டாவது குறை பாத்திரம். காந்தம் ஒட்டாத எதுவும் அதில் சூடாகாது. அம்மா கட்டிக்கொடுத்த எவர்சில்வரில் பாதி, அலுமினியக் கடாய், மண்சட்டி எல்லாம் தோற்கும். இரும்பு தோசைக்கல் வேலைசெய்யும், ஆனால் அடியில் உள்ள சுருளின் அகலத்துக்கு மட்டும். பெரிய கல்லில் தோசையின் ஓரம் வேகாது.

இவ்வளவு குறை இருந்தும் இண்டக்‌ஷனுக்கே என் ஓட்டு. ஆனால் அதை வெல்லவைப்பது அதன்மேல் ஏறும் பிரஷர் குக்கர். மூன்று லிட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இண்டக்‌ஷன் அடி, வெளிமூடி. உள்மூடி வகையில் வாய் ஒடுங்கியிருக்கும், உள்ளே கிண்ணம் வைப்பது சிரமம். அலுமினியம் மலிவுதான், புளி பட்டால் அரிக்கும். அடியில் பருப்பு, அதன்மேல் கிண்ணத்தில் அரிசி: 120 டிகிரிச் சூட்டில் இரண்டும் சேர்ந்து வெந்துவிடும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, பருப்பை ஒரு டப்பாவில் ஊற்றி, அதே குக்கரில் கடுகு தாளித்து, புளியும் பொடியும் சேர்த்து, பருப்பைத் திரும்ப ஊற்றினால் சாம்பார். குக்கர், கிண்ணம், டப்பா, கழுவ இவ்வளவுதான். அடுப்பு விலையில் மிச்சம் பிடிக்கலாம், குக்கரில் கூடாது. விசில் சத்தம் வீட்டுக்காரர்வரை கேட்கும் என்பதால் சமைக்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மிக்ஸி வேண்டாம். 2011-இல் அரசு வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸி ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் அரைத்த பொடி வந்துகொண்டே இருக்கும். இட்லித் தட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் மாவு மறுநாளே புளிக்கும். 2013-இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்குத் தந்த இட்லியோடு எந்த அடுப்பும் விலையில் போட்டியிட முடியாது. பகலுக்கு ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் அப்படித்தான். அறையில் அடுப்பு ராத்திரிக்காகத்தான்.

பவர் பிளக் இல்லாத அறை என்றால் தீர்ப்பு மாறும். சாக்கெட்டை மட்டும் பெரிதாக மாற்றித்தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் ஏமாறக் கூடாது. மெயின் போர்டிலிருந்து தடித்த ஒயர் தனியாக இழுத்திருக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் ரைஸ் குக்கர்தான், தாளிப்பை விட்டுவிட வேண்டும். சமைக்கவே விடாத திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கு அதுவும் வேண்டாம். கெட்டிலில் வெந்நீர் போட்டுக்கொண்டு, மிச்சத்துக்கு மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம்.