காளானும் வழித்துணையும்

'தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை' என்று தலைப்பிட்டு எழுதப்படும் உரைநடைக்கு ஒரு குணம் உண்டு. அதில் எழுவாய் இருக்காது. மனம் தயார்படுத்தப்படும், மருந்து அளிக்கப்படும், அனுபவம் வாழ்க்கையோடு இணைக்கப்படும். எல்லாம் தாமாகவே நடந்துகொண்டிருக்கும்; செய்கிறவர் பெயர் வராது. சைலோசைபின் என்ற பொருளை ஒரு வழித்துணையாளரின் முன்னிலையில் உட்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் படுத்திருக்கும் அமர்வுகளைப் பற்றி இன்று இந்த நடையில் ஏராளமாக எழுதப்படுகிறது. நம்மில் சிலர் அதை மனச்சோர்வுக்கு மருந்தென்று படிக்கிறார்கள். சிலர் கவிதைக்கு உரமென்று படிக்கிறார்கள். அந்த எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு பார்ப்பது விமர்சகனின் வேலைதான். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். விடுபட்ட எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் போதும். தின்பது யார்? பேசுவது யார்? விலை கொடுப்பது யார்?

மெக்ஸிகோவில் ஓஹாகா மலைகளில் ஹுவாவுட்லா என்றொரு ஊர். மாஸடெக் மக்களின் ஊர். 1955 ஜூன் 29 இரவு அங்கே மரியா ஸபீனா என்ற வைத்தியச்சியின் எதிரில் கார்டன் வாஸன் என்ற அமெரிக்கர் உட்கார்ந்தார். அவர் கவிஞர் அல்ல, உத்தியோகத்தால் மானிடவியலாளரும் அல்ல, ஜே.பி. மார்கன் வங்கியின் துணைத் தலைவர். (என் தொழிலைச் சேர்ந்தவர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம், நடுவிலுள்ள படிகளை எண்ணாமல் விட்டால்.) அவருக்கும் உடன் வந்த புகைப்படக்காரர் ஆலன் ரிச்சர்ட்ஸனுக்கும் ஆளுக்கு 6 ஜோடிக் காளான்கள் தரப்பட்டன. மரியா ஸபீனா தனக்கென எடுத்துக்கொண்டது 13 ஜோடி.

இந்தக் கணக்கில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வழி காட்டுகிறவள் விருந்தாளியைப்போல் இரு மடங்கு தின்கிறாள். நோயாளி தின்னலாம், தின்னாமலும் இருக்கலாம். அவள் தின்றாக வேண்டும். போய்த் தேடி, நோயின் காரணத்தைக் கண்டு திரும்ப வேண்டியவள் அவள்தான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் விளைவாக, 2023 முதல் உரிமம் பெற்ற நிலையங்களில் இந்த அமர்வுகள் நடக்கின்றன. அங்கே வழித்துணையாளர் அமர்வின்போது எதையும் உட்கொள்ளக் கூடாது. ஒருவர் தெளிவோடு காவலிருக்க வேண்டும் என்பது நியாயமே. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம், இதை அந்தப் பழைய சடங்கின் வாரிசாக அறிமுகப்படுத்துவதில். சடங்கு தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கிறது. அங்கே வைத்தியச்சி ஆற்றில் இறங்கினாள். இங்கே நோயாளி தனியே இறங்குகிறான், துணை கரையில் நிற்கிறது. கரையில் நிற்பவரைத் துணை என்னலாம். வழி அறிந்தவர் என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பேசுவது யார் என்பது அடுத்தது. மரியா ஸபீனா எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளுடைய பாட்டு 1957இல் இசைத்தட்டாக வந்தது. வரிக்கு வரி 'ட்ஸோ' என்ற சொல்லில் போய் முடிகிறது. 'என்கிறது' என்று பொருள். சொல்வது நான் அல்ல, காளான் சொல்கிறது. நமக்கு இது அந்நியமான இலக்கணம் அல்ல. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி 'நான்' என்னும்போது அங்கே அவர் இல்லை என்பது கேட்க உட்கார்ந்திருக்கும் கிழவிக்குத் தெரியும். அவள் தன்னைத் தேடி வந்தவளும் அல்ல; பேரனுக்கு விடாத காய்ச்சல், அதற்காக வந்தவள். மரியா ஸபீனா தன் முதுமையில் ஆல்வரோ எஸ்ட்ராடாவுக்குச் சொல்லிய வாழ்க்கைக் கதையில் இதையே சொல்கிறாள்: வெளியார் வருவதற்குமுன் நோய் தீரவே காளானைத் தின்றார்கள், கடவுளைக் காண்பதற்கென்று யாரும் தின்றதில்லை. இன்றைய அமர்வுக் குறிப்புகளிலோ வரிக்கு வரி வருவது 'நான்'. நான் கண்டேன், நான் கடந்தேன், நான் கரைந்தேன். கரைந்துபோனதைத் தன்மை ஒருமையில் அறிவிப்பதிலுள்ள முரண்பாடு எழுதுகிறவர்களுக்கு உறைப்பதாகத் தெரியவில்லை.

விலைக்கு வருவோம். 1957 மே 13 தேதியிட்ட 'லைஃப்' பத்திரிகையில் வாஸன் தன் அனுபவத்தை எழுதினார். வைத்தியச்சியின் பெயரை மாற்றித்தான் எழுதினார். பயனில்லை. சில ஆண்டுகளில் வெளிநாட்டு இளைஞர்கள் மலையேறி வரத் தொடங்கினார்கள். பின்னால் போலீஸ் வந்தது. ஊர் அவளைக் குற்றம் சொல்லிற்று. அவள் வீடு எரிக்கப்பட்டது. காளானின் சக்தி போய்விட்டதென்று அவளே சொன்னாள். இதற்கிடையில் ஸ்விட்ஸர்லாந்தின் ஸாண்டோஸ் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் வாஸனோடு ஹுவாவுட்லா போய் அதை மாத்திரையாக அவளிடமே கொடுத்தார். மாத்திரையிலும் அதே சக்தி இருப்பதாக அவள் ஒப்புக்கொண்டாள். அதன்பின் மலைக்கும் அவளுக்கும் அவசியமே இல்லாமற்போனது. 1985 நவம்பரில் ஏழையாகவே இறந்தாள்.

இங்கே ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராமாநுஜர் ரகசிய மந்திரத்துக்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. கடைசியில் உபதேசம் கிடைத்தது, வெளியே சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு. அவர் கோயிலில் ஏறி நின்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். நரகம் எனக்கு, மற்றவர்கள் கடைத்தேறட்டும் என்றாராம். கதை சரித்திரமா என்பது இங்கே பிரச்சினை அல்ல. ரகசியத்தை உடைப்பதற்கு ஒரு அறம் இருக்கிறது, உடைப்பவன் விலையைத் தானே ஏற்க வேண்டும் என்ற அறம், இதைச் சொல்ல நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. வாஸனும் உடைத்தார். புகழ் அவருக்கு, நரகம் மரியா ஸபீனாவுக்கு. அந்த 18 நடைகளையும் மறக்க வேண்டாம். இப்போது 'தயாரிப்பு' என்று ஓரிரு மணி நேரத்துக்குள் முடிக்கப்படுவது ஒரு காலத்தில் கால்தேய நடந்து பெறுவதாக இருந்தது.

இனி மருந்தென்று படிக்கிறவர்களுக்கு. இவர்களைக் கேலி செய்வது எளிது, செய்யக் கூடாது. மனச்சோர்வு இலக்கியச் சரக்கு அல்ல. ஆளைக் கொல்லும் நோய். மருந்துகளுக்கு வசப்படாத மனச்சோர்வு கொண்ட 233 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரே ஒரு முறை 25 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரத்தில் நோய் கணிசமாகக் குறைந்திருந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 சதவீதம். பன்னிரண்டாவது வாரம்வரை பலன் நின்றது முதல் குழுவில் 20 சதவீதம் பேருக்கு. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ எல்லாக் குழுக்களிலும் பதிவாகியிருந்தது. ஆக, பலன் இருக்கிறது, அற்புதம் இல்லை. பிரச்சாரகர்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விடுகிறார்கள்.

அந்தச் சோதனைகளில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைவிட யாரை விலக்கினார்கள் என்பது முக்கியம். தனக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ மனச்சிதைவு நோய் அல்லது பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் நோய் இருப்பவர்களை இத்தகைய சோதனைகள் பொதுவாக எடுப்பதில்லை. இருதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் அப்படியே. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து உண்டு. ஆரிகன் விதிகளே 30 நாளுக்குள் லித்தியம் உட்கொண்டவரை ஏற்பதில்லை. வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் இதன் வேலையை மழுங்கடிக்கின்றன. இதைக் கேள்விப்பட்டு, காளானுக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவன் அமர்வுக்குப் போகுமுன்பே விழுந்துவிடக்கூடும். சோதனைகளில் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் நிறுத்தினார்கள். இன்னொன்று: அந்த ஆறு மணி நேரம் மனிதன் மறுக்கும் சக்தியற்றவனாக இருக்கிறான். தொடலாமா, எங்கே, எப்போது என்பது தெளிவோடிருக்கும்போதே பேசி முடிக்கப்பட வேண்டும். உள்ளே போனபின் கொடுக்கும் சம்மதம் சம்மதம் அல்ல. அறையில் இரண்டு பேர் இருப்பது பல சோதனைகளின் வழக்கம். காரணம் கேட்காமலே விளங்கும்.

நம் நாட்டில் இப்படி உரிமம் பெற்ற அமர்வு எதுவும் இல்லை. 1985 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. (மரியா ஸபீனா இறந்ததும் அதே மாதம். இதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை.) வைத்திருப்பதும் விற்பதும் உட்கொள்வதும் குற்றம். 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், காளான் இயற்கையாக முளைப்பது, அதைக் கலவையாகக் கருத முடியாது என்று சொன்னதைச் சிலர் விடுதலைப் பத்திரம்போல் காட்டுகிறார்கள். அது எடையைக் கணக்கிடுவது பற்றிய விவகாரம். தின்பதற்கு அனுமதி அல்ல. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் மனநல மருத்துவர்கள் சிலர் இதை எழுதிக்கொடுக்கலாம் என்பதால் கொடைக்கானலில் வாங்கலாம் என்று ஆகிவிடாது. அங்கே காளான் விற்றதாகக் கைதுகள் பல ஆண்டுகளாகச் செய்தியாகின்றன. சட்டத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. சிறிய பழுப்புநிறக் காளான்களில் ஈரலை அழிக்கும் நஞ்சுள்ளவையும் இருக்கின்றன. அவற்றின் வாந்தி பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். காட்சி முடிந்தது என்று எழுந்திருக்கும் நேரம்.

மனநிலை, சூழல் என்ற இரண்டும் இந்தத் துறையின் வேதவாக்கியங்கள். சூழல் என்றால் மெத்தை, மங்கிய வெளிச்சம், சங்கீதம் என்று எழுதுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை சம்பளக் கணக்குகளைப் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்த வியாக்கியானம் போதாது. முறைமாற்றி மூன்று ஷிப்டு, ஒரே அறையில் பலர் படுக்கும் விடுதி, எப்போது முடியுமென்று தெரியாத ஒப்பந்தம், இவையும் சூழல்தான். அமர்வு முடிந்து திரும்பிப் போக வேண்டிய சூழல். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் ஸாம்சங் தொழிற்சாலையில் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்களுடைய துயரத்துக்குப் பெயரும் விலாசமும் இருந்தன. அந்தத் துயரத்தை அகப்பயணத்தால் தீர்க்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் வைத்தியரா நிர்வாகத்தின் ஆளா என்று கேட்க வேண்டியிருக்கும். பெயரும் விலாசமும் இல்லாத துயரமும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு இன்றைக்கு இங்கே இருப்பது அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவும், 2022 அக்டோபரிலிருந்து தமிழிலும் பேசக்கூடிய 14416 என்ற இலவச எண்ணும். கவர்ச்சி இல்லாதவை. ஆனால் பெயரோடு ஒரு ஆள் பதில் சொல்கிறார்.

கடைசியாகக் கவிதைக்கு உரம் தேடுகிறவர்கள். மெஸ்கலினை உட்கொண்டு எழுதியவர்களில் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954இல் கதவுகள் திறந்ததாக அறிவித்தார். ஆன்றி மிஷோ 1956இல் தன் புத்தகத்துக்கு வைத்த பெயரின் பொருளே 'கேவலமான அற்புதம்'. பொருள் ஒன்று, எழுத்து இரண்டு. ஹக்ஸ்லிக்குக் கண்டது போதுமானதாக இருந்தது. மிஷோவுக்குத் தன் கை, தன் கோடு, தன் வாக்கியம் உடைந்துபோவதுதான் விஷயமாக இருந்தது. அதனால் எழுத்தாக நிற்பது அவருடையதே என்பது என் அபிப்ராயம். மருந்து மொழியைத் தருவதில்லை. மரியா ஸபீனாவின் பாட்டும் காளான் தந்ததல்ல. தலைமுறைகளாக மாஸடெக் பாஷையில் இருந்த பாட்டுமுறை அது. அதே இரவு அதே காளானைத் தின்ற வங்கித் துணைத் தலைவரிடமிருந்து வந்தது ஒரு பத்திரிகைக் கட்டுரை. ரிக்வேத ஸோமமே காளான்தான் என்று அவரே 1968இல் ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். ஜான் பிரஃப் போன்ற சம்ஸ்கிருத அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நம் சித்தர்களின் பாட்டில் காளானைத் தேடக் கிளம்பியிருப்பவர்கள் இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டுத் தேடலாம்.

இத்தனைக்குப் பிறகும் போகிறவர் போவார். சட்டம் அனுமதிக்கும் ஊருக்கு, உரிமம் உள்ளவரிடம் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். எதிரில் உட்காரும் வழித்துணையிடம் அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் திரும்பி வரத் திணறினால் நீ என்ன செய்வாய்? செய்வேன் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். செய்யப்படும் என்று வந்தால் எழுந்து வந்துவிடலாம்.