இரண்டு எஞ்சின், ஒரு சம்பந்தம்

ஹோண்டாவின் கே24 எஞ்சின் மேல் எனக்குத் தீராத பிரியம். அமெரிக்காவில், மோதி நொறுங்கிய பழைய சிஆர்-வி கார்களிலிருந்து கழற்றி விற்பார்கள். சிலிண்டர் விட்டம் 87 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 99 மி.மீ. அந்த நீண்ட ஓட்டத்தால்தான் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை.

குறை அதன் சிலிண்டர் ஹெட்டில். எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்தது அது. அதைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் பக்கமும் புகை வெளியேறும் பக்கமும் விடெக் (வால்வுத் திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) வேலைசெய்யும், ஹோண்டாவின் கே20ஏ2 எஞ்சினுடைய ஹெட்டைப் பூட்டுகிறார்கள். 2 லிட்டர் எஞ்சினின் மூச்சு, 2.4 லிட்டரின் உடம்பு! எத்தனை பொருத்தமான சம்பந்தம்!

ஆனால் உயர்சுழற்சிக்கு கே24-இன் பழைய ஆயில் பம்ப் சரிப்படாது. கே20 பம்ப்பே நல்லது. டர்போ வைத்துப் பெரிய சக்தி தேடுகிறவர்கள், முதலில் கனெக்டிங் ராடுகளை மாற்றுங்கள்.